சொந்த மின்னஞ்சல் சேர்வருக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்பது: முதல் கேள்வியிலிருந்து முதல் மீட்பு வரை

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வீடுகளுக்குப் போய்ச் சேரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அதற்கான அழைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிள்ளைகளை நான் அறிவேன். ஹட்டனில் எங்கள் கல்விக் குழு தனக்கென்று ஒரு மின்னஞ்சல் சேர்வர் வைத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். உதவித்தொகை விண்ணப்பமும் அதற்கான பதிலும் நாங்கள் அறியாத இடத்தில் தேங்கி நிற்கக் கூடாது.

அதன் பிறகு தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் இதே வேலையைத் தொடங்கிய இளைஞர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். முதல் நாள் மாலையே மென்பொருளை நிறுவிவிட்டார்கள். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் ஆறாவது படி. முன்னுள்ள ஐந்தும் முடிந்தால் தெரிவு தானாகவே சுருங்கிவிடும்.

ஐந்து முதல் ஐம்பது மின்னஞ்சல் பெட்டிகள் வரை வைத்திருக்கப் போகும் குழுக்கள், பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், சிறு கடைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸ் கணினியில் கட்டளை தட்டச்சு செய்யத் தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் ஒரு தாள், ஒரு பேனா

நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எத்தனை பெட்டிகள் வேண்டும்? ஒரு நாளில் வெளியே எத்தனை கடிதங்கள் போகும்? ஒரு முழு நாள் சேவை நின்றுவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் அதைத் தூக்கி நிறுத்துவார்?

முதல் மூன்றுக்கும் எல்லோரும் உடனே விடை சொல்கிறார்கள். நான்காவதற்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. ஆனால் மென்பொருளைத் தீர்மானிப்பது அந்த நான்காவது கேள்விதான். நம் பக்கத்தில் கணினி தெரிந்த பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போவது வழக்கம். சேர்வரை நிறுவியவர் போன பிறகு அதைத் தொடவே அஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு குழுவை நான் பார்த்திருக்கிறேன். கடவுச்சொல் மறந்த ஓர் ஆசிரியைக்குப் புதிய கடவுச்சொல் கொடுக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

ஆகவே இரண்டாம் ஆள் ஒருவரின் பெயரை இப்போதே எழுதுங்கள். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் எழுதுங்கள். இனி எடுக்கும் முடிவுகளையெல்லாம் அவருடைய அறிவை வைத்து எடுக்க வேண்டும். உங்களுடையதை வைத்து அல்ல.

2. சேர்வரை வீட்டில் வைக்காதீர்கள்

அலுமாரிக்கு மேலே பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது, அதையே சேர்வராக்கலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அது சரிவராது என்பதற்கு மின்வெட்டு மட்டும் காரணமல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும், கம்பமும் இணைப்பும் சேர்ந்தே போய்விடும். ஆனாலும் மின்னஞ்சல் அதைத் தாங்கும். அனுப்பும் சேர்வர் உடனே கைவிட்டுவிடாது. பொதுவாக நான்கைந்து நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

உண்மையான தடை முகவரியில் இருக்கிறது. 4ஜி ரவுட்டரில் வரும் இணைப்புக்குப் பெரும்பாலும் சொந்தப் பொது ஐப்பி முகவரி (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) கிடைப்பதில்லை; பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. கம்பிவழி இணைப்பிலும் முகவரி அடிக்கடி மாறும். ஸ்பாம்ஹாஸ் என்ற தடைப்பட்டியல் அமைப்பு வீட்டு இணைப்பு முகவரிகளுக்கென்றே பிபிஎல் என்ற தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள முகவரியிலிருந்து நேரே வரும் கடிதத்தைப் பெரும்பாலான சேர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும்.

எனவே வெளிநாட்டுத் தரவு மையத்தில் ஒரு சிறிய மெய்நிகர் சேர்வரை வாடகைக்கு எடுங்கள். சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருந்தால் நமக்குப் பக்கம். ஐரோப்பாவில் இருந்தாலும் மின்னஞ்சலுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல. வாடகை டொலரில் என்பதையும், அது யாருடைய வங்கி அட்டையிலிருந்து போகும் என்பதையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.

3. பணம் கட்டும் முன் 25ஆம் இலக்கப் போர்ட்டைக் கேளுங்கள்

போர்ட் என்பது சேர்வரின் எண்ணிட்ட வாசல். சேர்வர்கள் ஒன்றோடொன்று கடிதம் பரிமாறுவது 25ஆம் இலக்கப் போர்ட்டில். அது வெளிநோக்கி மூடியிருந்தால் எந்த மென்பொருளை வைத்தாலும் ஒரு கடிதமும் நேரே வெளியே போகாது. குப்பை அஞ்சல் அனுப்புவோரைத் தடுக்கப் பல நிறுவனங்கள் இதை ஆரம்பத்திலேயே மூடிவைத்திருக்கின்றன. கூகுள் கிளவுட்டில் அது பொதுவாக மூடியே இருக்கும். அமேசானில் விண்ணப்பம் எழுதித் திறக்கக் கேட்க வேண்டும். ஹெட்ஸ்னர் புதிய வாடிக்கையாளருக்கு முதல் மாதக் கட்டணம் செலுத்தப்பட்ட பின்பே கோரிக்கையை ஏற்கும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி இரவு பத்து மணிக்கு அழைத்தார். “அண்ணா, மூன்று மென்பொருள்களை மாற்றி மாற்றி நிறுவிவிட்டேன். உள்ளே வருகிறது, வெளியே ஒன்றும் போகவில்லை.” மூன்றிலும் பிழை இல்லை. போர்ட் மூடியிருந்தது. ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கட்டியிருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். சேர்வரில் நுழைந்து, டெல்நெட் கட்டளையால் ஜிமெயிலின் வரவேற்புச் சேர்வரை 25ஆம் போர்ட்டில் அழைத்துப் பாருங்கள். 220 என்று தொடங்கும் ஒரு வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. ஒரு நிமிடம் அசைவில்லாமல் நின்றால் மூடியிருக்கிறது.

அடுத்து, உங்களுக்குக் கிடைத்த ஐப்பி முகவரியை ஸ்பாம்ஹாஸ் தளத்தில் தேடுங்கள். வாடகை முகவரிக்கு முன்பு யாரோ ஒரு குடியிருப்பாளர் இருந்திருப்பார். அவர் வாங்கிய கெட்ட பெயர் உங்கள் தலையில் விழும். பட்டியலில் இருந்தால் அந்தச் சேர்வரை அழித்துவிட்டு வேறொன்றை எடுங்கள். பெயர் நீக்கம் கேட்டு எழுதுவதைவிட அது விரைவான வழி.

போர்ட் திறக்கவே மாட்டார்கள் என்றால் இன்னொரு வழி உண்டு. உள்ளே வரும் கடிதங்களை உங்கள் சேர்வர் வாங்கிக்கொள்ளட்டும். வெளியே போகும் கடிதங்களை மட்டும் ஒரு கட்டண அஞ்சல்சேவை ஊடாக 587ஆம் போர்ட்டில் அனுப்புங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பெட்டிகளும் அவற்றில் உள்ள கடிதங்களும் உங்களிடமே இருக்கும். நாளொன்றுக்கு முப்பது நாற்பது கடிதம் அனுப்பும் குழுவுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைக்கிறேன்.

4. பெயர்களை ஒழுங்குபடுத்துங்கள்

ஆள்களப் பெயர், அதாவது டொமைன், குழுவின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். நிறுவும் இளைஞரின் சொந்தக் கணக்கில் அல்ல.

பிறகு சேர்வருக்கு ஒரு முழுப் பெயர் கொடுங்கள். ‘மெயில்’ என்று தொடங்கி உங்கள் டொமைனில் முடியும் ஒரு பெயர் போதும். அந்தப் பெயர் ஐப்பி முகவரியைக் காட்ட வேண்டும். அந்த ஐப்பி முகவரியும் திரும்ப அதே பெயரைக் காட்ட வேண்டும். இந்த இரண்டாவதற்குப் பிடிஆர் பதிவு என்று பெயர். புதியவர்கள் இதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடித் தேடிக் களைத்துப்போகிறார்கள். அது அங்கே இருக்காது. ஐப்பி முகவரி யாருடையதோ அவரிடம், அதாவது சேர்வரை வாடகைக்குக் கொடுத்தவரிடம்தான் இருக்கும்.

டொமைனுக்கு வரும் கடிதம் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அது அந்தச் சேர்வர் பெயரைக் காட்டட்டும். அங்கே ஐப்பி எண்ணை நேரே எழுதக் கூடாது. சிநேம் என்ற மாற்றுப் பெயர்ப் பதிவைச் சுட்டவும் கூடாது. சில சேர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுத்துக்கொள்ளாது. பாதிக் கடிதம் வந்து பாதி வராத நிலையில் காரணம் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

இன்னொரு பொறி ஐப்பி பதிப்பு 6. வாடகைச் சேர்வர்கள் பலவற்றில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பதிப்பு 4 முகவரிக்கு மட்டும் பிடிஆர் எழுதியிருப்பீர்கள். மென்பொருளோ பதிப்பு 6 வழியாக ஜிமெயிலுக்குப் போகும். ஜிமெயில் திருப்பி அனுப்பிவிடும். இரண்டுக்கும் பதிவு எழுதுங்கள், இல்லையேல் வெளியனுப்புதலைப் பதிப்பு 4க்கு மட்டுப்படுத்துங்கள்.

தமிழிலேயே முகவரி வைக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ‘.இலங்கை’ என்ற டொமைன் முடிவு நடைமுறையில் உள்ளது. ‘@’ குறிக்கு முன்னாலுள்ள பகுதியும் தமிழில் இருக்க வேண்டுமானால் சேர்வர்கள் பேசும் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் மொழிக்கான எஸ்எம்டிபி யுடிஎஃப்8 என்ற நீட்சியை அனுப்புபவர், பெறுபவர் இருவரின் மென்பொருளும் ஏற்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் 3.0 பதிப்பு முதல் அது உண்டு. ஜிமெயில் 2014 முதல் ஏற்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவங்கள் பலவும் அத்தகைய முகவரியைப் பிழை என்று தள்ளிவிடும். லத்தீன் எழுத்து முகவரியை முதன்மையாக வைத்து, தமிழ் முகவரியை அதே பெட்டிக்கு வரும் இரண்டாவது பெயராக வையுங்கள்.

5. மென்பொருள் என்பது ஒன்றல்ல, ஒரு தொகுதி

தபாலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வாங்கி அனுப்பும் கருமபீடம் ஒன்று. வந்த கடிதத்தைப் பெட்டிகளில் அடுக்கி, உரியவர் வந்து கேட்டால் காட்டுபவர் இன்னொருவர். சந்தேகமான பொதியைத் தடுப்பவர் வேறொருவர்.

சேர்வரிலும் அப்படியே. எஸ்எம்டிபி பேசி வாங்கி அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ் அல்லது எக்ஸிம். பெட்டி படிக்கும் மொழியான ஐமேப் பேசிப் பெட்டியைக் காட்டுவது டவ்காட். குப்பையைப் பிரிப்பது ஆர்ஸ்பாம்டி. வைரஸ் தேடுவது கிளாம்ஏவி. உலாவியில் கடிதம் படிக்க ரவுண்ட்கியூப்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் “போஸ்ட்ஃபிக்ஸா, டவ்காட்டா, எது சிறந்தது?” என்ற கேள்வியில் சிக்கிக்கொள்வீர்கள். அவை இரண்டும் போட்டியாளர்கள் அல்ல; ஒன்றில்லாமல் மற்றது அரை வேலைதான் செய்யும். பிழை வந்தால் எந்தப் பகுதியின் பதிவேட்டை (லாக் கோப்பை) திறப்பது என்பதும் இதைத் தெரிந்திருந்தால்தான் விளங்கும்.

6. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, பகுதிகளைத் தனித்தனியாக நிறுவிக் கையால் இணைப்பது. டெபியன் மேல் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பாம்டி. வைரஸ் தேடலை விட்டுவிட்டால் ஒரு ஜிபி நினைவகத்தில் நன்றாக ஓடும். ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இரண்டாம் ஆளுக்குத் தெரியாது. அதோடு, பதிப்பு மாறும்போது அமைப்புக் கோப்புகளை நீங்களே திருத்த வேண்டும். டவ்காட் 2.4 வந்தபோது 2.3க்கு எழுதிய அமைப்பு அப்படியே ஓடவில்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளை நகலெடுத்த பலர் இந்த இடத்தில்தான் இன்றும் சிக்குகிறார்கள். கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை. தனியாளாக ஒரு குழுவின் கடிதங்களைச் சுமக்க இது நல்ல வழியும் இல்லை.

போஸ்ட்ஃபிக்ஸா எக்ஸிமா என்றால், சிபேனல் என்ற இணையத்தள நிர்வாகக் கருவியில் பழகியவர்களுக்கு எக்ஸிம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ். அதன் அமைப்பு வரிகள் வாசித்தால் விளங்கும், ஆரம்ப நிலையே பாதுகாப்பானது. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, இதே பகுதிகளை ஒருவர் முன்கூட்டியே கட்டிக் கொடுத்த பொதி. இதில்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொதிகள் ஒன்றுபோல் இல்லை.

மெயில்-இன்-எ-பாக்ஸ் ஒரு வெற்று உபுண்டு 22.04 சேர்வரைக் கேட்கிறது. அதை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். டொமைன் பெயர்களுக்கு உரிய பதிவுகளைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையையும் தானே நடத்தும். ஒரு ஜிபி நினைவகம் போதும். நிர்வாகப் பக்கத்தில் எது சரி, எது பிழை என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும். இரண்டாம் ஆளுக்கு இதைவிட எளிதானதை நான் பார்க்கவில்லை. விலை என்னவென்றால், அதே சேர்வரில் உங்கள் இணையத்தளத்தையோ வேறெதையுமோ விருப்பப்படி வைக்க முடியாது. அமைப்புக் கோப்புகளைக் கையால் மாற்றினால் அடுத்த புதுப்பித்தலில் மாற்றம் அழிந்துபோகும். உபுண்டுவின் பதிப்பு மாறும் நேரத்தில் புதிய சேர்வர் எடுத்துக் காப்புப்பிரதியிலிருந்து குடிபெயர வேண்டும்.

மெயில்கவ், நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டொக்கர் மேல் ஓடுவது. நிர்வாகப் பக்கம் அழகும் ஆழமும் உள்ளது. நாட்காட்டி, முகவரிப் புத்தகம் எல்லாம் உண்டு. ஆனால் அதன் ஆவணம் குறைந்தது 6 ஜிபி நினைவகமும், வட்டில் ஒதுக்கும் துணை நினைவகமான ஸ்வாப் 1 ஜிபியும் கேட்கிறது. கிளாம்ஏவி தனியாகவே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கும். அதையும் முழு உரைத் தேடலையும் நிறுத்தினால் குறைவில் ஓட்டலாம். தலவாக்கலையில் 2 ஜிபி சேர்வரில் எல்லாவற்றையும் இயக்கி, நினைவகம் தீர்ந்து, டவ்காட் நள்ளிரவில் விழுந்து விழுந்து எழுந்ததைக் கண்டோம். நினைவகம் இரட்டிப்பானால் டொலர் வாடகையும் ஏறும். இருபது பெட்டிக்கு மேல், நாட்காட்டியும் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் மட்டும் இதற்குப் போங்கள்.

டொக்கர்-மெயில்சேர்வர் என்பது நிர்வாகப் பக்கமே இல்லாதது. எல்லாம் கோப்பும் கட்டளையும்தான். டொக்கரில் நன்றாகப் பழகிய இருவர் இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். ஐரெட்மெயில் வெற்றுச் சேர்வரில் ஒரே ஓட்டமாக எல்லாவற்றையும் நிறுவித் தரும். ஆனால் அதன் இலவச நிர்வாகப் பக்கம் மெலிந்தது, முழுமையானது கட்டணத்துக்குரியது.

மூன்றாவது வழி, எல்லாப் பகுதியையும் ஒரே நிரலில் எழுதிய புதியவை. ஸ்டால்வார்ட், மாக்ஸ், மேடி ஆகியவை. நினைவகம் குறைவாகவே எடுக்கும். மாக்ஸ் நிறுவும்போதே, நீங்கள் எழுத வேண்டிய டிஎன்எஸ் பதிவுகள் அத்தனையையும் வரிசையாக அச்சிட்டுக் கொடுத்துவிடும். புதியவருக்கு அதுவே பெரிய உதவி. ஸ்டால்வார்ட்டின் நிர்வாகப் பக்கம் நன்று. இவற்றின் ஒரே குறை வயது. சிக்கல் வந்து தேடினால் போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கிடைக்கும் அளவு விடைகள் கிடைக்காது. ஆகவே புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் குறிப்பைப் படித்துவிட்டே தொட வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: இரண்டாம் ஆள் கட்டளைத் திரையைக் கண்டு தயங்குபவர் என்றால் மெயில்-இன்-எ-பாக்ஸ். அவர் டொக்கர் தெரிந்தவர், சேர்வரும் பெரியது என்றால் மெயில்கவ். இருவருமே லினக்ஸில் ஊறியவர்கள் என்றால் கையால் கட்டுங்கள். எங்கள் குழுவில் முதலில் நான் கையால்தான் கட்டினேன். பின்னர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் தங்கை இரண்டாம் ஆளாக வந்தபோது பொதிக்கு மாறினோம்.

7. இரண்டு பேர், இரண்டு நாள், ஒரு பரிசோதனை

தெரிவை உறுதி செய்யும் முன், பயன்பாட்டில் இல்லாத ஒரு டொமைனிலோ துணை டொமைனிலோ அதை ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் நீங்கள் நிறுவுங்கள். இரண்டாம் நாள் விசைப்பலகையை இரண்டாம் ஆளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

அவர் ஒரு பெட்டியைத் திறக்கட்டும், கடவுச்சொல்லை மாற்றட்டும். காணாமல்போன ஒரு கடிதம் எங்கே நின்றது என்பதைப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கடைசியாக, ஒரு பெட்டியை அழித்துவிட்டுக் காப்புப்பிரதியிலிருந்து மீட்கட்டும். இடையில் நீங்கள் வாய் திறக்க நேர்ந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு ஒரு பக்கத்துக்குள் நின்றால் அந்த மென்பொருள் உங்களுக்குரியது. மீட்பு நடக்கவே இல்லை என்றால், வேறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.

8. நிறுவும்போது ஒழுங்கை மாற்றாதீர்கள்

சேர்வர் பெயர் முதலில், டிஎன்எஸ் பதிவு அடுத்து, சான்றிதழ் மூன்றாவது. இணைப்பை மறைகுறியாக்கும் சான்றிதழை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், அதைத் தருவதற்கு அந்தப் பெயர் உங்கள் சேர்வருக்கு வருகிறதா என்று பார்க்கும்; டிஎன்எஸ் பரவாமல் கேட்டால் தோல்விதான், பல முறை தோற்றால் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்லிவிடும்.

பிறகு உள்வரவைச் சோதியுங்கள். அது சரியான பின்பே வெளியனுப்புதல். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எந்தப் பக்கம் பிழை என்று தெரியாது.

கடிதம் அனுப்பும் பயனாளர்களுக்கு 587 அல்லது 465ஆம் போர்ட், பெட்டி பார்க்க 993. 25ஆம் போர்ட்டில் கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் வசதியை மூடிவையுங்கள். அது மற்றச் சேர்வர்களுக்கான வாசல். முன்பின் தெரியாத எவருக்காகவும் வெளியே கடிதம் அனுப்பிக் கொடுக்கும் திறந்த நிலையில் சேர்வர் இருக்கிறதா என்பதையும் வெளியிலிருந்து சோதியுங்கள். இருந்தால் குப்பை அனுப்புவோர் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள், உங்கள் முகவரியின் பெயர் கெட்டுப்போகும்.

கையால் கட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. குப்பை வடிகட்டி தடைப்பட்டியல்களைக் கேட்பது டிஎன்எஸ் வழியாக. சேர்வர் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் ஊடாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் சரியான விடை தராது. ஒரு பிழைக் குறியீட்டைத் திருப்பும். அதைத் தடை என்று தவறாகப் புரிந்துகொண்டு நல்ல கடிதங்களையெல்லாம் தள்ளிவிட்ட சேர்வரைப் பார்த்திருக்கிறேன். அன்பவுண்ட் என்ற சிறு நிரலைச் சேர்வரிலேயே நிறுவி, அதன் வழியே கேட்க வையுங்கள்.

9. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்

எஸ்பிஎஃப் என்பது எந்தச் சேர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் கடிதத்தில் இடும் கையொப்பம். டிமார்க் இவை பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லும் அறிவுறுத்தல். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் எதிர்பார்க்கிறது; நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவரிடம் மூன்றையும் கேட்கிறது. நீங்கள் எத்தனை அனுப்பினாலும் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

இங்கே நான் அதிகம் கண்ட பிழை, ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள். பழைய சேவைக்கு ஒன்று இருக்கும், புதியதற்கு இன்னொன்று சேர்ப்பார்கள். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரியில் இணைக்க வேண்டும். அந்த வரி பத்துக்கு மேற்பட்ட டிஎன்எஸ் தேடல்களைத் தூண்டவும் கூடாது.

டிகிம் திறவுகோல் 2048 பிட் இருக்கட்டும். அது 255 எழுத்துகளைத் தாண்டுவதால் டிஎன்எஸ் பக்கத்தில் துண்டுகளாக எழுத வேண்டி வரும். நகலெடுக்கையில் நடுவே ஓர் இடைவெளி நுழைந்துவிட்டால் கையொப்பம் பொருந்தாது. எழுதிய பின் வெளியிலிருந்து படித்து ஒப்பிடுங்கள்.

டிமார்க்கை முதல் நாளிலேயே ‘நிராகரி’ என்று வைக்காதீர்கள். ஒன்றும் செய்யாமல் அறிக்கை மட்டும் அனுப்பும் நிலையில் சில வாரங்கள் விடுங்கள். பழைய இணையத்தளப் படிவம் ஒன்று உங்கள் பெயரில் கடிதம் அனுப்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

10. காப்புப்பிரதியில் எதைச் சேர்ப்பது

கடிதங்களை மட்டும் நகலெடுப்பவர்கள் மிகப் பலர். அமைப்புக் கோப்புகள், பயனாளர் தரவுத்தளம், டிகிம் திறவுகோல் ஆகியவையும் வேண்டும். இவை இல்லாமல் புதிய சேர்வர் எழுப்பினால் கடிதங்கள் இருக்கும், திறக்க ஆள் இருக்காது.

பிரதி வேறொரு நிறுவனத்தின் சேமிப்பில் இருக்கட்டும், மறைகுறியாக்கத்துடன். அந்த மறைகுறிக்கான கடவுச்சொல்லை அதே சேர்வரில் மட்டும் வைத்தால் சேர்வரோடு அதுவும் போய்விடும். காகிதத்தில் எழுதி, குழுவின் இரும்புப் பெட்டகத்தில் வையுங்கள். மாணவர்களின் அடையாள அட்டை இலக்கமும் குடும்ப வருமானமும் அந்தக் கடிதங்களில் உள்ளன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வைத்து, யாருக்கு அவற்றைத் திறக்க அனுமதி என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

11. பழைய பெட்டியிலிருந்து குடிபெயர்தல்

மாறும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் காலத்தை, அதாவது மற்றச் சேர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் காலத்தை, 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள். இல்லையேல் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும் சேர்வர்கள் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருக்கும். பழைய கடிதங்களை ஐமேப்சிங்க் என்ற கருவியால் இழுக்கலாம். அதை எத்தனை முறை ஓட்டினாலும் ஏற்கெனவே வந்த கடிதத்தை மீண்டும் நகலெடுக்காது. பழைய சேவையை இரண்டு மாதம் மூடாதீர்கள்.

புதிய முகவரியிலிருந்து முதல் வாரமே அறுநூறு பெற்றோருக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டாம். பெரிய சேவைகள் அறியாத முகவரியை நம்புவதில்லை. தெரிந்தவர்களுக்குச் சிலவாக அனுப்பி, அவர்களைப் பதில் எழுதச் சொல்லி, மெல்ல மெல்ல எண்ணிக்கையை உயர்த்துங்கள். அவுட்லுக் பக்கம் தடை விழுந்தால் அவர்களுக்கென்று தனி விண்ணப்பப் படிவம் உண்டு. ஜிமெயிலில் போய்ச் சேர்வது அங்கேயும் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

12. அதன் பிறகு மாதந்தோறும்

ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது மாதத்தின் முதல் சனிக்கிழமை. புதுப்பித்தல் குறிப்புகளைப் படிப்போம், பிறகே புதுப்பிப்போம். வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று பார்ப்போம். வெளியே போகாமல் வரிசையில் நிற்கும் கடிதங்களைப் பார்ப்போம். திடீரென்று அது நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் யாரோ ஒருவரின் கடவுச்சொல் களவு போயிருக்கக்கூடும். சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் அதை மீண்டும் ஏற்றாமல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் வெளியிலிருந்து 993ஆம் போர்ட்டில் காலாவதி நாளைப் பார்ப்போம். ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற முகவரிக்கு வந்தவற்றைப் படிப்போம். அந்த முகவரி எல்லா டொமைனிலும் இருந்தே ஆக வேண்டும், அதற்கு வரும் முறைப்பாடுகளை ஒருவர் படிக்கவும் வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியை இரண்டாம் ஆள் மீட்டுக் காட்டுவார். அன்றே டொமைன் புதுப்பிக்கும் திகதி, சேர்வர் வாடகைத் திகதி, அதற்குரிய வங்கி அட்டை காலாவதியாகும் மாதம் ஆகிய மூன்றையும் அவர் கையால் அலுவலகச் சுவரில் உள்ள நாட்காட்டியில் எழுதுவார்.